நிமிடத்துக்கு ஒன்பது சுற்று

இன்டர்வெல்லுக்குப் பதினாலு நிமிடம் இருக்கையில்
நடுத்தட்டு நின்றுபோனது.

நின்றதை நான் பார்க்கவில்லை.
திருப்பாதிரிப்புலியூரில் மழை விட்ட புழுக்கம்,
சன்னலருகே சட்டையை உதறிக்கொண்டிருந்தேன்.
புரொஜக்டர் இழுக்கிறது, தட்டு தரமாட்டேன் என்கிறது.
மூளை என்று நாங்கள் சொல்லும் நடுப்பெட்டியைப்
படம் சுற்றிச் சுற்றி இறுக்கி
பட்டென்று ஒரு சத்தம்,
முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி.

திரை வெள்ளை.
கீழே எழுநூறு பேரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.
என் பேர் தேசிங்கு. அவர்கள் கூப்பிட்டது வேறு.

கசங்கினதை வெட்டினேன். பதினோரு அடி.
ஏழு விநாடிக்குக் கொஞ்சம் மேல்.
அதில் கதாநாயகி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள்.
ஒட்டி ஓட்டினதும்
ஏறாமலே மாடியில் நின்றாள்.
எப்படி வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முத்தியால்பேட்டைக்குப் போன் போட்டேன்.
அமலோற்பவம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
"மோட்டார் ஓடுதா?"
"மூளை சொன்னா ஓடும். அது சொல்ல மாட்டேங்குது."
"அப்ப நான் வர்ற வரைக்கும் நீங்கதான் மூளை."
வைத்துவிட்டாள்.

இந்தத் தட்டில் படம் வயிற்றிலிருந்து வெளியேறும்.
உள்சுற்று முதலில், வெளிச்சுற்று கடைசியில்.
குழி அகல அகல வேகம் தணிய வேண்டும்:
நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினொன்று, பத்து.
கூடத் தள்ளினால் தொய்ந்து தரையில் கொட்டும்.
குறைத்தால் மறுபடி மூளையைக் கட்டும்.
கண் இதற்கு உதவாது.
படம் வெளியே ஏறுகிற இடத்தில் இடது விரலை வைத்தேன்.
தொய்கிறதா, இறுகுகிறதா,
விரல் சொல்ல, வலது கை தள்ளியது.
விளிம்பு விரலை அறுத்ததும் தெரியவில்லை,
ஓடுவது சண்டையா பாட்டா என்பதும் தெரியவில்லை.
நாற்பது காட்சி ஓட்டின படம்.
அன்றைக்குத்தான் அதன் கனம் தெரிந்தது.

கன்னியக்கோயிலில் ஒரு மழை, பெண்ணையாற்றுப் பாலத்தில் ஒன்று,
இரண்டையும் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தாள்.
ரெயின்கோட்டைக் கழற்றாமல்
எதிர்ப்பக்கம் நின்று தட்டில் கை வைத்தாள்.
நான் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தேன்.
தட்டு அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.
எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

ஜனம் கலைந்த பிறகு மூளையைத் திறந்தாள்.
உப்புக்காற்றில் திருகெல்லாம் பச்சை பூத்திருந்தது.
அதைத் தேய்த்தாள், ஆனால் நோய் அதுவல்ல.
டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து
"இங்க வாங்க" என்றாள்.
கைவிரல் நகம் அளவு விளக்கொன்று உள்ளே,
அதைப் பார்க்கும் கண் ஒன்று எதிரே.
இரண்டுக்கும் நடுவில்
எண்ணெயில் ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாய்
நாலு ஈசல் சிறகு.

சாயங்காலம் விளக்கைத் தேடி வந்தவை.
கீழே எரிகிற பெரிய விளக்கை விட்டுவிட்டு
இதற்குள் போய் விழுந்திருக்கின்றன.

ஊதினாள். போகவில்லை.
தலைமுடிக் கிளிப்பைக் கழற்றி நுனியால் எடுத்தாள்.
சுவிட்சைப் போட்டோம்.
தட்டு தானாய்ச் சுற்றியது, என்னைக் கேட்காமல்.

பில்லில் எழுதினாள்:
சிறகு எடுத்தது, நானூறு. பெட்ரோல் தனி.
மேனேஜர் ராஜரத்தினம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
"நாலு ரெக்கைக்கா நானூறு?" என்றார்.
"வேணாம்னா வச்ச எடத்துலயே திருப்பி வச்சிடறேன் சார்.
அதுக்குக் காசு வேணாம்."
அவர் கொடுத்தார். பெட்ரோலில் இருபது குறைத்தார்.

கெடிலம் பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன்,
மணி இரண்டு.
சட்டைப்பையில் பதினோரு அடி மாடிப்படி.
கல்யாணி கதவைத் திறந்து,
சோற்றில் ரசம் ஊற்றி,
சாப்பிடாமல் என்ன பிசைந்துகொண்டே இருக்கிறீர்கள் என்றாள்.

பார்த்தேன்.
கை இன்னும் ஒன்பதில் இருந்தது.